ரீல்ஸ் ஆட்டம் எந்த இடத்தில் தடுக்கிறது? தயங்கும் புதியவர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

எனக்கு ஆட்டம் வராது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த வினாடியில் வரவில்லை என்பதைத்தான். பெரும்பாலோரால் அதற்குப் பதில் சொல்ல முடிவதில்லை. இருபது வினாடி வீடியோவை நாற்பது முறை பார்த்துவிட்டு, எழுந்து நின்று ஒருமுறை தடுமாறியதும், தங்கள் உடம்பில் தாளமே இல்லை என்று முடிவுகட்டி உட்கார்ந்துவிடுகிறார்கள். தையல் இயந்திரம் தைக்கவில்லை என்றால் நூல் அறுகிறதா, ஊசி சரியாக மாட்டியிருக்கிறதா, பாபினில் சிக்கலா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். ஆட்டத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடைசெய்யப்பட்டு, அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. அதன் பிறகு கல்யாண மண்டபத்திலும் அலுவலகப் பொங்கல் விழாவிலும் ஒரு ரீல்ஸுக்காவது கூப்பிடாமல் விடுவதில்லை. நான் மூன்று பொங்கலுக்குக் கைப்பைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி ஒதுங்கி நின்றேன். பிறகு, நாற்பது வயதில், பெரம்பூரில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் அக்கா மகளிடம் கற்றுக்கொண்டேன். அங்கே எனக்கு வந்த கோளாறுகளும், பின்னர் என்னோடு மாடிக்கு வந்த தோழிகளிடம் பார்த்த கோளாறுகளும்தான் இங்கே உள்ளவை.

முதலில் ஒரு சோதனை

பாட்டை ஓடவிட்டு, ஃபோனைக் கவிழ்த்து வைத்து, நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு காலால் தரையைத் தட்டுங்கள். பாட்டு முடியும்வரை தட்டு பிசகாமல் வந்தால் உங்கள் காதில் குறையில்லை. அடுத்து எழுந்து நின்று, பாட்டில்லாமல், வாயால் எண்ணிக்கொண்டே ஸ்டெப்புகளைச் செய்து பாருங்கள். அதிலேயே நின்றுபோனால் கோளாறு நினைவில் இருக்கிறது. எண்ணும்போது வந்து, பாட்டோடு சிதறினால் வேகத்தில் இருக்கிறது. பாட்டோடும் வந்து, கேமராவின் முன் மட்டும் வரவில்லை என்றால் கூச்சத்தில் இருக்கலாம். பலரும் சந்தேகப்படாத இன்னோர் இடமான ஃபோனிலும் இருக்கலாம். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். எங்கே தடுக்கியதோ அந்தப் பகுதியை மட்டும் படித்துவிட்டு ஆடப் போகலாம்.

“தாளம் எங்கே விழுகிறது என்றே தெரியவில்லை”

இப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலோர் பாட்டின் சொற்களைப் பிடித்துக்கொண்டு ஆட முயல்கிறார்கள். பாடுபவர் எப்போதும் தட்டின் மேலேயே சொல்லை வைப்பதில்லை. தாளம் தொடங்கிய பின் பாட்டு எடுப்பதற்கு அனாகத எடுப்பு என்றும், தாளத்துக்கு முன்பே எடுப்பதற்கு அதீத எடுப்பு என்றும் கர்நாடக இசையில் பெயரே உண்டு. சினிமாப் பாட்டிலும் இரண்டும் சாதாரணமாக வரும். ஆகவே சொற்களை விட்டுவிட்டு, அடியில் ஓடும் கனத்த ஒலியைக் கேளுங்கள். அது டிரம்ஸாக இருக்கலாம், தவிலாகவோ பறையாகவோ இருக்கலாம், பேஸ் கிட்டாராகவும் இருக்கலாம். எந்த ஒலிக்கு உங்கள் தலை தானாக ஆடுகிறதோ அதுதான் தட்டு.

குத்துப்பாட்டில் தடுமாறுபவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பல குத்துப்பாட்டுகளில் ஒவ்வொரு தட்டும் மூன்றாகப் பிரிகிறது. அதுதான் திஸ்ர நடை. அதற்குள் “தகதிமி தகதிமி” என்று நான்காக எண்ணினால் கால் எந்த நேரமும் அரைக்கால் அடி தள்ளியே விழும். “தகிட தகிட” என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பாட்டு அதில் உட்கார்ந்துவிட்டால், ஒவ்வொரு “த”விலும் ஒரு காலடி வையுங்கள். ரயிலில் நின்றுகொண்டு கட்டைவிரலால் கைப்பிடியைத் தட்டியே இதைப் பழகிவிடலாம், யாருக்கும் தெரியாது.

டான்ஸ் மாஸ்டர்கள் “ஃபைவ், சிக்ஸ், செவன், எயிட்” என்று கூப்பிட்டு ஆட்டத்தைத் தொடங்குவதற்குக் காரணம், ஆட்டம் எட்டு எட்டாகக் கட்டப்பட்டிருப்பதுதான். பதினைந்து வினாடிக்கு எத்தனை தட்டு விழுகிறது என்று எண்ணி நான்கால் பெருக்கினால் பாட்டின் வேகம் கிடைக்கும். முப்பது தட்டு என்றால் நிமிடத்துக்கு 120. அந்தப் பாட்டில் ஓர் எட்டு 4 வினாடியில் முடிந்துவிடும். அப்படியானால் 15 வினாடி ரீல்ஸில் இருப்பது மூன்றே முக்கால் எட்டு. மலைப்பாகத் தெரிந்த ஆட்டம் மூன்றே முக்கால் எட்டுதான் என்று தெரிந்த அன்று எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

“பார்க்கும்போது எல்லாம் புரிகிறது, எழுந்தால் மறந்துவிடுகிறது”

கண்ணுக்குத் தெரிந்தது காலுக்குத் தெரியாது. உட்கார்ந்து பார்ப்பதை முதல் இரண்டு முறையோடு நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் பார்ப்பது பழக்கம் என்ற மனநிறைவை மட்டும் தருகிறது. மூன்றாவது முறையிலிருந்து நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டும்.

அசைவுக்குப் பெயர் இல்லாவிட்டால் நினைவு பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காது. ஒவ்வொரு அசைவுக்கும் நீங்களே ஒரு பெயர் வையுங்கள், அதை எழுதியும் வையுங்கள். என் பழைய டைரியின் பக்கம் ஒன்றில் இப்படி இருக்கிறது: “1-2 பஸ் கம்பி வலது, 3-4 பஸ் கம்பி இடது, 5-6 துணி பிழி, 7 கோலப்புள்ளி, 8 நில்.” படிப்பவர்களுக்கு அது விளங்காது, எனக்கு இன்றும் அந்த எட்டு அப்படியே வருகிறது. ஓர் எட்டுக்கு மேல் ஒரே நேரத்தில் எழுதாதீர்கள்.

எல்லோரும் முதல் எட்டிலிருந்தே தொடங்குவதால் முதல் எட்டு நூறு முறை பழகியிருக்கும், கடைசி எட்டு பத்து முறைகூடப் பழகியிருக்காது. அதனால்தான் பாதியில் நிற்கிறோம். கடைசி எட்டை முதலில் கற்றுக்கொண்டு, பிறகு அதற்கு முந்தையதைச் சேர்த்து, அப்படியே பின்னோக்கி வாருங்கள். அப்போது ஆட ஆடத் தெரிந்த இடத்தை நோக்கிப் போவீர்கள். ஒரே இரவில் மூன்று மணி நேரம் ஆடுவதைவிட, இருபது நிமிடமாக நான்கு நாள் ஆடுவது மேல். இடையில் வரும் தூக்கம் வேலை செய்கிறது. நேற்று இரவு வராத ஸ்டெப் இன்று காலை வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

“வலது எது, இடது எது என்று குழம்புகிறது”

இது உங்கள் குழப்பம் மட்டும் இல்லை, வீடியோவின் குழப்பமும் சேர்ந்தது. எதிரே நின்று ஆடுபவரின் வலக்கை திரையில் உங்கள் இடப்பக்கம் தெரியும். சிலர் கற்பவர்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்று வீடியோவைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப் போடுகிறார்கள். முன்பக்கக் கேமராவில் எடுத்ததால் தானாகத் திரும்பிவிட்ட வீடியோக்களும் உண்டு. எது எப்படி என்று தலைப்பில் எழுதியிருக்காது.

கண்டுபிடிக்கும் வழி உடையில் இருக்கிறது. புடவை கட்டியவர் என்றால் முந்தானையைப் பாருங்கள். நம் ஊர்க் கட்டில் முந்தானை இடது தோளில் விழும். எதிரே நிற்பவரின் இடது தோள் உங்களுக்குத் திரையின் வலப்பக்கம் தெரிய வேண்டும். முந்தானை திரையின் இடப்பக்கம் தெரிந்தால் வீடியோ திருப்பப்பட்டிருக்கிறது. சட்டை போட்டவர் என்றால் பாக்கெட்டை வைத்து இதே கணக்கைப் போடலாம், ஏனென்றால் அதுவும் இடது மார்பில்தான் இருக்கும். பின்னால் கடைப் பலகை தெரிந்து எழுத்து இடவலம் மாறி ஓடினால் கேள்வியே இல்லை, வீடியோ திருப்பப்பட்டதுதான்.

திருப்பப்பட்ட வீடியோ என்றால், கண்ணாடியில் உங்களையே பார்ப்பதுபோல் பார்த்து ஆடினால் மூல ஆட்டமே வரும். திருப்பப்படாத வீடியோவை அப்படியே பார்த்து ஆடினால் மூலத்தின் கண்ணாடிப் பிம்பம் வரும். தனியாக ஆடுபவருக்கு இரண்டும் ஒன்றுதான், பார்ப்பவர் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. தொடங்கிய பக்கத்தை இடையில் மாற்றாமல் இருந்தால் போதும். இரண்டு பேராகவோ வரிசையாகவோ ஆடும்போது மட்டும், எல்லோரும் ஒரே வீடியோவைப் பார்த்துத்தான் கற்றார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

“கால் வருகிறது, கை சேர்த்தால் கால் நின்றுவிடுகிறது”

தயங்குபவர்களிடம் அதிகம் காணப்படும் கோளாறு இதுதான், அதிக நாள் இழுப்பதும் இதுதான். கை கண்ணுக்கு நேராக இருப்பதாலும், ரீல்ஸில் பார்ப்பவரின் கவனத்தை அது இழுப்பதாலும், நாம் கையைத்தான் முதலில் கற்றுக்கொள்கிறோம். ஆனால் உடம்பின் எடை எந்தக் காலில் நிற்கிறது என்பதுதான் அடுத்த அசைவைத் தீர்மானிக்கிறது. எடை தவறான காலில் இருக்கும்போது கை என்ன செய்தாலும் அடுத்த கால் கிளம்பாது.

பரதநாட்டியத்தில் சேரும் குழந்தைக்கு முதலில் தட்டடவுதான் கற்றுக்கொடுக்கிறார்கள். கைகள் இடுப்பில் இருக்க, அரைமண்டியில், அதாவது முழங்காலை மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலையில், பாதத்தால் தரையைத் தட்டுவது மட்டுமே அங்கே வேலை. ஆசிரியர் தட்டுக்கழியால் கட்டையில் தட்டித் தாளம் கொடுக்க, அதே அடவை மூன்று காலத்தில், அதாவது ஒன்றுக்கொன்று இரட்டித்துப் போகும் மூன்று வேகத்தில், குழந்தை செய்து பழகுகிறது. கை பிறகுதான் வருகிறது. நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சோதித்துப் பார்த்த முறை இது. பதினைந்து வினாடி ஆட்டத்துக்கு அது தேவையில்லை என்று நாம் எப்படி நினைத்தோம் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

அக்கா மகள் என்னை முதல் வாரம் முழுவதும் இப்படித்தான் நிறுத்திவைத்தாள். “சித்தி, கையை விடுங்க. இடுப்புல வச்சுக்குங்க. எந்தக் கால்ல நிக்கறீங்கன்னு மட்டும் சத்தமா சொல்லுங்க” என்றாள். “வலது, இடது, வலது, வலது” என்று சொல்லிக்கொண்டே மாடியில் நடந்தேன். அந்த நான்காவது “வலது” வந்த இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் நான் விழுந்துகொண்டிருந்தேன். அங்கே கால் மாறுவதில்லை, அதே காலை மறுபடி தட்டவேண்டும். கையோடு சேர்த்து ஆடியபோது நூறு முறையிலும் கண்ணில் படாத அந்தத் தட்டு, கையை விட்டதும் ஐந்தாவது முறையில் பட்டது.

கால் மட்டும் பாட்டோடு மூன்று முறை பிசகாமல் வந்தபிறகு கையைச் சேருங்கள். சேர்க்கும்போதும் இரண்டு கையையும் ஒன்றாகச் சேர்க்காமல், முதலில் பெரிய அசைவு உள்ள கையை மட்டும் சேருங்கள். விரலும் தலையும் கண்ணும் கடைசி.

“மெதுவாக வருகிறது, முழு வேகத்தில் சிதறுகிறது”

அசைவு பெரிதாக இருக்கிறது என்று பொருள். மெதுவாக ஆடும்போது கையை முழுவதும் நீட்டவும் காலை ஒரு முழம் தள்ளி வைக்கவும் நேரம் இருந்தது. வேகத்தில் அந்த நேரம் இல்லை. காலடியைப் பாதியாகக் குறைத்து, முழங்கையை உடம்புக்கு அருகில் வைத்து ஆடிப் பாருங்கள். யூடியூபில் வேகத்தை 0.5, 0.75 என்று குறைக்கும் வசதி இருக்கிறது. 0.5-இல் பாட்டு இழுபட்டுத் தட்டே மங்கிவிடுவதால், அதில் அசைவைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஆடிப் பழகுவது 0.75-இல் இருக்கட்டும்.

குதிக்கும் ஸ்டெப்பை மட்டும் மெதுவாகப் பழக முடியாது, ஏனென்றால் காற்றில் மெதுவாக நிற்க யாராலும் ஆகாது. அங்கே குதியை எடுத்துவிட்டுக் கால் போய் விழும் இடத்தை மட்டும் பழகுங்கள். வேகம் வந்தபின் குதி தானாகச் சேரும்.

“சரியாகத்தான் ஆடினேன், வீடியோவில் தாளம் தள்ளி விழுகிறது”

இந்த ஒரு கோளாறினால் ஆட்டத்தையே விட்டவர்களை எனக்குத் தெரியும் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். ப்ளூடூத் ஸ்பீக்கரிலும் இயர்ஃபோனிலும் ஒலி சற்றுத் தாமதித்து வருகிறது. படம் பார்க்கும்போது செயலி அந்தத் தாமதத்துக்கு ஏற்பப் படத்தையும் தாமதப்படுத்திவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. ஆனால் செயலியில் பாட்டைத் தேர்ந்தெடுத்து, அதை ப்ளூடூத் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டு ஆடிப் பதிவு செய்தால், நீங்கள் கேட்ட நேரம் வேறு, வீடியோவில் சேரும் பாட்டின் நேரம் வேறு. 120 வேகப் பாட்டில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே அரை வினாடிதான் இருக்கிறது. அதில் 0.2 வினாடி தள்ளிப்போனால் கிட்டத்தட்டப் பாதித் தட்டு போய்விடுகிறது. முழுக்கச் சரியாக ஆடியவரும் தாளம் தெரியாதவராகவே தெரிவார்.

ப்ளூடூத்தை அணைத்துவிட்டு ஃபோனின் சொந்த ஒலியிலேயே ஒரு டேக் எடுத்துப் பாருங்கள். ஒலி போதவில்லை என்றால், இன்னொரு ஃபோனை ஸ்பீக்கரோடு இணைத்துப் பாட்டை ஓடவிட்டு, சாதாரணக் கேமராவில் வீடியோ எடுத்து, பாட்டைப் பிறகு சேர்த்து நகர்த்திப் பொருத்திக்கொள்ளலாம்.

பாதம் வெட்டுப்படுவது, ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்று முகம் கறுத்துத் தெரிவது ஆகியவை சிறு குறைகள். ஃபோனை இடுப்பு உயரத்தில் நிறுத்தி, எட்டு ஒன்பது அடி தள்ளி நின்று, வெளிச்சத்தைப் பார்த்தபடி ஆடினால் இரண்டும் தீர்ந்துவிடும். டைமரைப் பத்து வினாடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வினாடியில் ஓடிவந்து நிற்பதற்குள் முதல் எட்டு போய்விடும்.

“ஸ்டெப் எல்லாம் சரி, ஆனால் மரக்கட்டை போல் இருக்கிறேன்”

முழங்காலைப் பாருங்கள், விறைத்திருக்கும். சற்றே மடக்கி வைத்தால் இடுப்பும் தோளும் தாமாகவே இளகும். அடுத்து, ஆடும்போது நீங்கள் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கக் கூடும். எட்டில் ஒருமுறை விட்டுப் பழகுங்கள். திரையில் தெரியும் உங்களையே பார்த்துக்கொண்டு ஆடினாலும் முகம் இறுகிவிடும். பின்பக்கக் கேமராவைப் பயன்படுத்தினால் அந்தப் பிரச்சினையே இல்லை.

“மூச்சு வாங்குகிறது, முழங்கால் வலிக்கிறது”

மொட்டை மாடியின் தளம் கான்கிரீட், அதில் வெறுங்காலோடு அரை மணி நேரம் குதித்தால் யாருக்கும் வலிக்கும். மெத்தென்ற அடிப்பாகம் உள்ள ஷூ போடுங்கள், குதிக்கும் ஸ்டெப்பைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு வையுங்கள். வீட்டுக்குள் மொசைக் தரையில் சாக்ஸோடு ஆடவே ஆடாதீர்கள், வழுக்கும். கத்திரி வெயில் நாட்களில் மாடித் தளம் இருட்டிய பிறகும் கொதிக்கும் என்பதால் அதிகாலைதான் நல்லது. முழங்கால் வீங்கினாலோ நெஞ்சில் வலி வந்தாலோ ஆட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

“யாராவது பார்த்துவிடுவார்களோ என்று உடம்பே வரமாட்டேன் என்கிறது”

இதையும் மற்றவற்றைப் போல ஒரு கோளாறாக எடுத்துக்கொண்டு, இடத்தையும் ஆளையும் மாற்றித்தான் சரிசெய்ய வேண்டும். “கூச்சப்படாதே” என்று சொல்லிக் கூச்சம் போனவர் யாரும் இல்லை.

இடத்தைப் பொறுத்தவரை, எங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் படிக்கட்டு அறையின் சுவருக்கும் நடுவில் எட்டுக்குப் பத்தடி இடம் இருக்கிறது. பக்கத்துக் கட்டடத்திலிருந்து பார்த்தால் அங்கே நிற்பவர் தெரியமாட்டார். பெயின்ட் டப்பா ஒன்றின் மேல் ஃபோனைச் சாய்த்து வைத்துத்தான் நான் முதல் மாதம் முழுவதும் ஆடினேன். உங்கள் மாடியிலும் அப்படி ஒரு மூலை இருக்கும். குதிப்பதற்கு முன் மேல்தள வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தலைக்கு மேல் தொம் தொம் என்று கேட்டு அவர்கள் ஏறி வருவதைவிட அது நல்லது. எங்கள் மேல்தள வீட்டம்மா கேட்டுவிட்டு, “ஆறு மணிக்கு மேல ஆடும்மா, சீரியல் எட்டு மணிக்குத்தான்” என்றார்.

மாடி பழகிய பிறகு வெளியே போகலாம். பெசன்ட் நகர் கடற்கரையில் காலை ஐந்தரை மணிக்கு நடைப்பயிற்சிக்காரர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு போவார்கள், ஆனால் ஈர மணலுக்கு இந்தப் பக்கம் உள்ள உதிரி மணலில் ஆடாதீர்கள். கால் புதையும், திரும்பும்போது முழங்கால் முறுக்கிக்கொள்ளும். தியாகராய நகரில் பாண்டி பஜாரின் அகன்ற நடைபாதை 2019-இல் திறக்கப்பட்டதிலிருந்து அங்கே ரீல்ஸ் எடுப்பவர்கள் அதிகம் என்றாலும், மாலைக் கூட்டம் தயங்குபவர்களுக்கான இடம் இல்லை. அங்கே போய்த் திரும்பி வந்து மூன்று வாரம் ஆடாமல் இருந்த தோழி ஒருத்தி எனக்கு உண்டு.

ஆளைப் பொறுத்தவரை, முதலில் ஒரே ஒருவர் முன் ஆடுங்கள். உங்களைவிட நன்றாக ஆடுபவராக இருக்க வேண்டியதில்லை, சிரிக்கும்போது உங்களோடு சேர்ந்து சிரிப்பவராக இருக்க வேண்டும். பிறகு இருவர், பிறகு நால்வர். கணவர், மாமியார், அலுவலக மேலாளர் ஆகியோர் அந்த வரிசையில் எங்கே வரவேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

“எல்லாம் சரியாக வந்தது, பதிவேற்றக் கை வரவில்லை”

பதிவேற்றித்தான் ஆக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. கணக்கைப் பிரைவேட் கணக்காக மாற்றி வைக்கலாம், நெருங்கிய நண்பர்கள் பட்டியலுக்கு மட்டும் காட்டலாம், கருத்துப் பகுதியை அணைத்து வைக்கலாம். யாருக்குக் காட்டினாலும் அவர் திரையைப் பதிவு செய்து குடும்ப வாட்ஸாப் குழுவில் போட முடியும் என்பதை மட்டும் நினைவில் வைத்து, போடுவதற்கு முன் பின்னணியில் வீட்டு எண், வண்டி எண், பக்கத்து வீட்டுக் குழந்தை ஏதாவது தெரிகிறதா என்று ஒருமுறை பாருங்கள். இப்போதைக்கு வேண்டாம் என்றால் ட்ராஃப்டில் வையுங்கள். ஆனால் செயலியை ஃபோனிலிருந்து நீக்கினால் ட்ராஃப்டும் போய்விடும் என்பதால் கேலரியிலும் ஒரு பிரதி சேமித்துக்கொள்ளுங்கள். என் கேலரியில் அப்படிப் பதினொன்று இருக்கின்றன. அதில் முதல் வீடியோவில் நான் நான்காவது “வலது”க்கு இடதை வைத்துவிட்டு, ஃபோனைப் பார்த்து “மறுபடி எடுடி” என்று சொல்வது தெளிவாகக் கேட்கிறது.